அக்கா கேட்ட கேள்வியும் பிலடெல்பியா எலிகளும்

போன வாரம் மாடி அறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பெரியக்காவின் ஆஸ்பத்திரி ஃபைல் கிடைத்தது. ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், அடியில் மடங்கிப்போன மாத்திரைப் பெட்டி ஒன்று. வெறும் அட்டைப் பெட்டி. அதன் பின்பக்கத்தில் அக்கா பால்கணக்கு எழுதியிருக்கிறாள். அதனால்தான் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அக்கா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. தெரியவில்லை என்பதுதான் நிஜம். முப்பத்தொரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பலரது வீட்டிலும் இந்த வியாதி ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்கும். அதனால் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா பீடி சிகரெட் வாடையே பிடிக்காதவள். 2011இல் விடாத இருமல், பரிசோதித்தால் நுரையீரலில் புற்றுநோய். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த டாக்டர், "இவங்களுக்கு ஒரு ஜீன்ல மாற்றம் இருக்கு. அதையே குறிவெச்சு அடிக்கிற மாத்திரை இருக்கு. கீமோ இப்ப வேண்டாம்" என்றார். தினம் ஒரு மாத்திரை. மூன்றே மாதத்தில் இருமல் நின்றது, ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. பதினாலு மாதம் அவள் பாட்டுக்கு மாவரைத்தாள், கோவிலுக்குப் போனாள், எங்களை அதட்டினாள்.

பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. மாத்திரை அப்படியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி சதை எடுத்துச் சோதித்தார்கள். "இந்த மாத்திரை கேக்காமப் போறவங்கள்ல ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதே ஜீன்ல இன்னொரு மாற்றம் வந்திருக்கும். இவங்களுக்கு அது இல்லை" என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்திக் கீமோ கொடுத்தார்கள். தலைமுடி கொட்டியது. நாலைந்து மாதம் கழித்து உடம்பு கீமோவைத் தாங்காத நிலையில், "பழைய மாத்திரையையே ஒரு தடவை கொடுத்துப் பார்ப்போம், சில பேருக்குக் கேட்டிருக்கு" என்றார்.

கேட்டது! மூச்சுத் திணறல் குறைந்தது. கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "ஏண்டா தம்பி, நீதான் உயிரியல் வாத்தியாராச்சே. கேக்காமப் போன மாத்திரை இப்ப எப்படிடா கேக்குது? அந்தக் கட்டிக்கு மறந்துபோச்சா?"

நான் சிரித்து மழுப்பினேன். ஏனென்றால் என் பாடத்தில் புற்றுநோய் எதையும் மறக்காது.

என் பாடம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். 1956இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் என்ற இளம் டாக்டர் ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கண்ணாடித் தகட்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் உள்ளே போய்ச் செல்கள் உப்பின, உள்ளிருந்த குரோமோசோம்கள் பிரிந்து தனித்தனியாகத் தெரிந்தன. குரோமோசோம் அவருடைய துறை அல்ல. அதே ஊரில் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் இருந்த புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் குரோமோசோம் படித்துக்கொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டைத் தேடிப் பிடித்தார். இருவரும் சேர்ந்து, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் ஏழு பேரிடம் வழக்கத்தைவிடக் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டு 1960இல் அறிவித்தார்கள். அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர் நிலைத்தது.

அதே நோவெல் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு செல்லில் ஜீன் மாறுகிறது. அது பெருகுகிறது. பெருகும்போது சிலவற்றில் இன்னொரு மாற்றம். அதில் வலுத்தது பிழைக்கிறது, இளைத்தது சாகிறது. டார்வின் சொன்ன பரிணாமமே உடம்புக்குள் நடக்கிறது, அதுதான் புற்றுநோய் என்றார். மருந்து கொடுத்தால், மருந்துக்கு மசியாத ஜீன் மாற்றம் தற்செயலாக உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகும். பூச்சிமருந்துக்குப் பழகிப்போன கத்திரிக்காய்ப் புழு மாதிரி என்று நான் வகுப்பில் உதாரணம் சொல்வேன். கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். தவறு ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அது உண்மைதான். ஆனால் மாறிய எழுத்து மாறியதுதான், தானாகத் திரும்பாது. மறந்துபோச்சா என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 2020இல் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து வானத்தை மறைத்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இந்த வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது பரம சாது. நிறமும் வேறு, நடத்தையும் வேறு. இரண்டையும் வேறு வேறு இனம் என்றே அறிஞர்கள் நம்பினார்கள். ரஷ்யாவிலிருந்து லண்டன் வந்த போரிஸ் உவரோவ்தான் 1921இல் இரண்டும் ஒரே பூச்சி என்று காட்டினார். நெருக்கடியில் ஒன்றோடொன்று பின்னங்கால் உரசிக்கொண்டே இருந்தால், பாலைவன வெட்டுக்கிளி சில மணி நேரத்திலேயே கூட்டத்தோடு சேரும் குணத்துக்கு மாறிவிடுகிறது. ஜீனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தனியே பிரித்து வைத்தால் மெல்ல மெல்லப் பழைய சாதுவாகிறது. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கும் அது பின்னால் ஆகிற அந்துப்பூச்சிக்கும் ஒரே ஜீன்கள்தான். இதை நான் வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் புற்றுநோய்ப் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தோன்றியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே பிலடெல்பியாவில், ஹங்கர்ஃபோர்ட் வேலை பார்த்த அதே ஃபாக்ஸ் சேஸ் நிலையத்தில் இருந்தார். பியாட்ரிஸ் மின்ட்ஸ். நோவெல் கட்டுரைக்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் அவர் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வடக்கே, மெய்ன் மாநிலத்தின் கடற்கரை ஊரான பார் ஹார்பருக்குப் போக வேண்டும்.

அங்கே ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று, எலி வளர்ப்புக்குப் பேர்போனது. 1950களின் தொடக்கத்தில் லிராய் ஸ்டீவன்ஸ் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சிகரெட்டில் தீங்கு செய்வது புகையிலையா காகிதமா என்று பார்க்கச் சொல்லி, சிகரெட் கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வு. 1953இல் '129' என்ற வம்சத்து எலி ஒன்றுக்கு விதைப்பை வீங்கியிருப்பதைக் கவனித்தார். சிகரெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி, எலும்பு, துடிக்கிற தசை என்று எல்லாம் கலந்த ஒரு குப்பைக் கட்டி! டெரட்டோமா என்று இதற்குப் பெயர். மனிதர்களுக்கும் வரும். ஸ்டீவன்ஸ் சிகரெட்டை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க இந்தக் கட்டிக்குப் பின்னால் போனார்.

அவர் செய்த வேலைகளில் ஒன்று இது. 1967இல், எந்தக் கோளாறும் இல்லாத ஆறு நாள் வயதுக் கரு ஒன்றைத் தாயின் கர்ப்பப்பையிலிருந்து எடுத்து, வளர்ந்த எலியின் விதைப்பையில் பொருத்தினார். இருக்கவேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அது ஒரு சுண்டெலியாகப் பிறந்திருக்கும். இடம் மாறியதால் கொடிய புற்றுக்கட்டியாகிவிட்டது. அந்தக் கட்டியை ஓர் எலியின் வயிற்றிலிருந்து இன்னோர் எலியின் வயிற்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார்கள். ஏறும் எலியையெல்லாம் கொன்றபடி எட்டு வருஷம், ஏறக்குறைய இருநூறு தலைமுறை மாற்றம்.

மின்ட்ஸும் அவருடன் வேலை செய்த கார்ல் இல்மன்சேயும் அந்தக் கட்டியிலிருந்து செல்களை எடுத்தார்கள். குரோமோசோம் எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. நாலைந்தை மட்டும் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, வேறொரு வம்சத்து எலியின் சில நாள் வயதுக் கருவுக்குள் செலுத்தினார்கள். ஸ்டீவன்ஸ் பிடுங்கிய இடத்துக்கே மறுபடி கொண்டுபோய் வைத்தது மாதிரி. அந்தக் கருக்களை வாடகைத் தாய் எலிகளிடம் விட்டார்கள். பிறந்தவையும், பிறக்கும் முன் எடுத்துப் பார்த்தவையுமாக 93 குட்டிகள், எல்லாம் இயல்பானவை. அவற்றில் முதலில் ஆராய்ந்த பதினாலில் மூன்று, இரண்டு வம்சமும் கலந்த எலிகள். கட்டியிலிருந்து வந்த செல்கள் அந்த எலிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்துகொண்டிருந்தன, கல்லீரலில் கல்லீரல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஓர் ஆண் எலியின் விந்தணுக்கள்கூடக் கட்டியின் வழி வந்தவை. அதற்குக் குட்டிகளும் பிறந்தன.

யோசித்துப் பாருங்கள். எட்டு வருஷம் கொலை செய்த செல்லின் பிள்ளை, ஒழுங்கான கல்லீரலாக உட்கார்ந்து வேலை பார்க்கிறது. ஜீனைத் தொட்டுத் திருத்தியவர் யாரும் இல்லை. திருத்தியது அக்கம்பக்கம்.

இது ஒரு ஆய்வகத்தின் அதிசயம் மட்டும் அல்ல. 1974இலேயே பிலடெல்பியாவில் ரால்ஃப் பிரின்ஸ்டர் இதே வழியில் முதல் அடி வைத்திருந்தார். 1975இல் இங்கிலாந்தில் மார்ட்டின் எவான்ஸ் இருந்த குழுவும் வேறு செல்களைக் கொண்டு செய்து பார்த்தது. ஆனால் அவர்களுடைய எலிகள் சிலவற்றில் கட்டி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் செல்லும் திருந்துவதில்லை. இந்தக் கட்டிகளைப் படித்த அனுபவத்திலிருந்துதான் எவான்ஸ் 1981இல் கருவின் மூலச் செல்களைப் பிரித்தெடுத்தார். 2007 நோபல் பரிசு அதற்காக வந்தது.

இவ்வளவு பெரிய சங்கதி ஏன் நம் பாடப் புத்தகத்துக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். எதிர்ப்பக்கத்தில் ரயில் கிளம்பிவிட்டது, அதனால்தான். 1911இல் பெய்டன் ரௌஸ் என்பவர் கோழிக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் கிருமி ஒன்றைக் கண்டிருந்தார். அந்தக் கிருமியிடம் உள்ள ஜீன், கோழியின் சொந்தச் செல்லிலிருந்தே திருடப்பட்டது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. 1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். எழுத்துப்பிழையைத் தேடிப் பிடிப்பது எல்லா ஆய்வகங்களுக்கும் வேலையாகிவிட்டது. பணமும் பரிசும் அந்தப் பக்கம். குறை சொல்லமாட்டேன், அக்காவுக்குக் கிடைத்த மாத்திரை அந்த ரயிலில்தான் வந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. அதே ரௌஸ் கிருமியை 1984இல் கலிபோர்னியாவில் மீனா பிஸ்ஸல் என்ற ஈரானிய வம்சாவளி அம்மையார் தன் மாணவரோடு சேர்ந்து, முட்டைக்குள் இருக்கும் சில நாள் வயதுக் கோழிக்கருவில் செலுத்தினார். கிருமி புகுந்தது, அந்தக் கெட்ட ஜீனும் வேலை செய்தது, கட்டி மட்டும் வரவில்லை. கருவின் திசுவைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் உடனே புற்றாகத் திரும்பின. பிழை எழுத்து உள்ளேயே இருக்கிறது, அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. சூழல் கலைந்தால்தான் ஆட்டம்.

இதற்குள் சூட்சுமம் என்ன என்று என் மனைவிக்குச் சொல்ல நான் பீரோவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு செல்லிலும் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. புரத உருண்டைகளைச் சுற்றிச் சுற்றி மடித்து வைத்திருக்கிறது. எல்லாப் புடவையும் பீரோவில்தான் இருக்கிறது, அன்றாடம் கைக்கு வருவது மேல் தட்டில் உள்ள ஏழெட்டுதான். இறுக்கிக் கட்டி அடியில் வைத்ததை எடுக்க முடியாது. எது மேலே, எது அடியில் என்பதற்குச் செல் சில ரசாயனக் குறிகளை ஒட்டி வைக்கிறது. கல்லீரலுக்கு ஓர் அடுக்கு, தோலுக்கு ஓர் அடுக்கு. செல் இரண்டாகப் பிரிந்தால் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதே அடுக்குப் போகும். ஆனால் தேவைப்பட்டால் கலைத்து அடுக்கலாம். புடவை மாறவில்லை, அடுக்குதான் மாறியது.

அடுக்கை மாற்றியே வைத்தியம் செய்யலாமா என்று கேட்டவர் ஷாங்காயில் ருய்ஜின் மருத்துவமனையின் வாங் சென்யி. ஒரு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்றுபோய்க் குவியும். அவற்றைக் கொல்வதற்குப் பதில் வளரவைத்துவிட்டால்? வைட்டமின் ஏ உறவுள்ள ஒரு மருந்தை 1985இல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த குழந்தை தேறியது. 1988இல் வெளியிட்ட கணக்கில் 24 நோயாளிகள், 24 பேருக்கும் ரத்தத்தில் நோய் அடங்கியது. ஒருவருக்கு மட்டும் கூட இன்னொரு மருந்து சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நோய்க்கு மூலமே இரண்டு குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொண்டதுதான். மருந்து அந்த உடைப்பை ஒட்டவைக்கவில்லை. உடைப்போடேயே செல்கள் பெரியவையாகி, வயதாகிச் செத்தன. இந்த மருந்து தனியாக மட்டும் கொடுத்தால் நோய் பெரும்பாலும் திரும்பி வந்தது. சீனாவிலேயே ஹார்பின் நகரத்தில் ஜாங் திங்தொங் முதலியோர் கைகண்ட மருந்தான பாஷாணம் துணைக்கு வந்தபின் நிலைமை மாறியது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998 முதல் 2004 வரை 72 பேருக்குப் பாஷாணத்தை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள், 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. சித்த வைத்தியர்கள் இதைக் கேட்டால் மீசையை முறுக்குவார்கள், முறுக்கட்டும். அளவு தெரியாமல் வீட்டில் முயற்சி செய்யாமல் இருந்தால் சரி.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் புற்றுநோய் ஆராய்ச்சியில் தொடங்கவில்லை, பென்சிலினில் தொடங்குகிறது.

1944, டப்ளின் நகரம். யுத்தகாலம், பென்சிலின் புதுசு. ஜோசப் பிகர் என்ற பேராசிரியர் ஒரு குடுவைக் கிருமியில் பென்சிலினை ஊற்றினார். எல்லாம் செத்தன, பத்து லட்சத்தில் ஒன்று தவிர. அந்த ஒன்று பென்சிலினை எதிர்க்கும் புது ஜாதி என்றுதானே நினைப்போம்? அதை வளர்த்துப் பெருக்கி மறுபடி பென்சிலின் ஊற்றினார். பழையபடி எல்லாம் செத்தன, பத்து லட்சத்தில் ஒன்று தவிர! ஆக அது வேறு ஜாதி அல்ல. மருந்து வந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பென்சிலின் வளரும் கிருமியைத்தான் கொல்லும். பிகர் ஒரு யோசனையும் சொன்னார்: மருந்தை விட்டு விட்டுக் கொடுங்கள், தூங்குவது விழித்து வளரத் தொடங்கும், அப்போது அடியுங்கள். பிறகு வந்த புதுப் புது மருந்துகளின் சந்தடியில் அவர் சொன்னது பல பத்தாண்டுகள் யார் காதிலும் ஏறவில்லை.

அறுபத்தாறு வருஷம் கழித்து, 2010இல், பாஸ்டனில் ஜெஃப் செட்டில்மன் ஆய்வகத்தில் அதே சோதனையை நுரையீரல் புற்றுநோய்ச் செல்களை வைத்துச் செய்தார்கள். அக்காவுக்கு இருந்த அதே ஜீனில் மாற்றம் உள்ள செல்கள், அக்கா சாப்பிட்ட அதே வகை மருந்து. கொல்லப் போதுமான அளவைப்போல நூறு மடங்குக்கும் மேல் ஊற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து ஆயிரத்துக்கு மூன்று செல்கள் உயிரோடு இருந்தன. வளராமல், பிரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. மருந்தை எடுத்துவிட்டு வளரவிட்டால் அவற்றின் சந்ததி மருந்துக்குப் பழையபடி மசிந்தது. ஜீனில் எதிர்ப்பு மாற்றம் எதுவும் இல்லை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதத்தில் குறிகளை மாற்றும் ஓர் என்சைம் மட்டும் அவற்றில் அதிகம் இருந்தது. அந்த அடுக்கைக் கலைக்கிற இன்னொரு மருந்தைச் சேர்த்தால் அந்த மூன்றும் செத்தன.

அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி வருகிறது. மாத்திரை கேட்காமல் போன சில நோயாளிகளுக்கு, இடைவெளி விட்டு மறுபடி கொடுத்தால் அதே மாத்திரை கேட்கிறது என்று டாக்டர்கள் கண்டதை அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த விநோதம்தான் அவர்களைத் தேடவைத்த காரணங்களில் ஒன்று. நான் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பாஸ்டனில் கேட்ட கேள்வியைத்தான் அக்கா எங்கள் வீட்டுக் கட்டிலில் காப்பி டம்ளரோடு கேட்டிருக்கிறாள். அதுவும் அவர்கள் பதில் எழுதி மூன்று வருஷம் கழித்து.

ஜீன் கட்சிக்காரர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. மருந்து நின்ற இடைவெளியில், மசியும் செல்கள் வேகமாகப் பெருகி மசியாதவற்றை ஓரங்கட்டியிருக்கலாம், அதனால் மருந்து மறுபடி கேட்டது போல் தோன்றும் என்பார்கள். அதுவும் நடக்கிறதுதான். 2016இல் பாஸ்டனிலேயே ஆரன் ஹாட்டா முதலியோர் பல மாதம் செல்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் இரண்டு வழியும் தெரிந்தது. சில எதிர்ப்புச் செல்கள் மருந்து வருமுன்பே ஜீன் மாற்றத்தோடு காத்திருந்தன. வேறு சில, முதலில் வெறும் தூக்கத்தால் தப்பித்து, அந்தத் தூக்கக் காலத்தில் மெல்ல மெல்ல ஜீன் மாற்றத்தைச் சம்பாதித்தன. முதலில் குணம் மாறுகிறது, ஜீன் பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் மனசில் நின்றது. நோவெலும் மின்ட்ஸும் ஒரே ஊரில், ஒரு வருஷ இடைவெளியில் எழுதிய இரண்டு கட்டுரைகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அக்காவின் உடம்பில் இரண்டில் எது நடந்தது என்று சொல்ல எந்தச் சீட்டும் ஃபைலில் இல்லை. ஆனால் 'மறந்துபோச்சா' என்று அவள் கேட்டாளே, அது ஒரு வாத்தியாரின் தலையில் வராத வார்த்தை. ஜீன் மறக்காது. பழக்கம் மறக்கும்.

இரண்டாம் தடவை மாத்திரை ஐந்து மாதம் கேட்டது. அந்த ஐந்து மாதத்தில் அக்கா தன் பேத்தியின் காதுகுத்துக்கு மாயவரம் போய்வந்தாள். கீமோவில் கொட்டிய முடி முன்னைவிடச் சுருட்டையாக முளைத்திருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். 2014 தை பிறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது போனாள்.

மாத்திரைப் பெட்டியின் பின்பக்கத்துப் பால்கணக்கு மார்கழி 12 வரை இருக்கிறது. ஒரு நாள் அரை லிட்டர் கூட வாங்கியதாக எழுதி, பக்கத்தில் 'தம்பி வந்தான்' என்று போட்டிருக்கிறாள்.